செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பர்மா வரலாறு நடத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பர்மாவைப் (இன்றைய மியான்மர்) பற்றிக் கேட்டால் செட்டிநாட்டு வகுப்பறையில் கை தூக்க யாரும் தயங்குவதில்லை. தேக்கு அங்கிருந்து வந்தது, கவுனி அரிசி அங்கிருந்து வந்தது, ஐயா அங்கே கடை வைத்திருந்தார், அப்புறம் பர்மாக்காரன் எல்லாரையும் விரட்டிவிட்டான். நாலு வரியில் கதை முடிந்துவிடும். இந்த நாலு வரியை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை 1962 ராணுவ ஆட்சி, 2017 ரோஹிங்யா வெளியேற்றம், 2021 ராணுவக் கவிழ்ப்பு வரைக்கும் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் எடுத்துக்கொண்ட வேலை. காரைக்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில், பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் பிரிவுப் பிள்ளைகளோடு, ஒரு பருவம் முழுக்க, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நடந்தது இது. பாடப்புத்தகத்தில் பர்மாவுக்கென்று தனி இடம் கிடையாது, நேதாஜி படை இம்பாலை நோக்கிப் போகும்போது ஓரமாகத் தலைகாட்டும், அவ்வளவுதான். அதனால் பரீட்சை பயம் இல்லை, மன்றக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைப்பது போல வகுப்பு முழுக்க நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் சிலர்தான். மீதிப்பேர் கொத்தனார் வீடு, ஆத்தங்குடிக் கல் பட்டறை வீடு, கல்யாணச் சமையலுக்குப் போகிற வீடு, விவசாயக் கூலி வீடு, கடை வைத்திருக்கிற முஸ்லிம் வீடு. ரெண்டு பேர், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியிருக்கும் பர்மா காலனியிலிருந்து வருகிறவர்கள். பர்மா எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு ரூபத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே ரூபத்தில் இல்லை. இது பின்னால் ரொம்ப உதவியது.

ரெண்டு வரைபடம்

முதல் வேலையாக, வீட்டில் கிடைக்கும் பர்மா ஊர்ப்பெயர்களை எல்லாம் சேகரித்து வரச் சொன்னேன். பழைய கடிதங்களின் முகவரி, போட்டோவின் பின்பக்கம், பேரேட்டு அட்டை, பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயர், எதுவானாலும் சரி. வீட்டில் ஒன்றும் இல்லாத பிள்ளைகள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய் அங்கே கிடந்த காகிதங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். (ஒரு கடைக்காரர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் பங்குக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார்.) ரங்கூன், மோல்மேன், பெகு, பாசின், பியாப்போன், ஹென்சாடா, தட்டோன் என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றையும் பெரிய வரைபடத்தில் சிவப்பில் புள்ளி வைத்தோம்.

அப்புறம் இன்னொரு வரைபடம். 2021 பிப்ரவரி 1 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு செய்திகளில் வந்த ஊர்கள், மாநிலங்களை மட்டும் நீலத்தில் குறிக்கச் சொன்னேன். சின், கச்சின், ஷான், கயா, கரென், ராகைன், சகாயிங்.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதும் வகுப்பில் கொஞ்ச நேரம் சலசலப்பு. சிவப்புப் புள்ளிகள் கிட்டத்தட்ட எல்லாமே கீழே, ஐராவதி ஆறு கடலில் கலக்கிற சமவெளியிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும் குவிந்து கிடக்கின்றன. நீலம் முழுக்க அதைச் சுற்றி, மேலேயும் ஓரங்களிலும் இருக்கிறது. "நம்ம ஆளுங்க ஏன் சார் மேல போகல?" என்று ஒருத்தன் கேட்டான். மொத்தப் பாடத்துக்கும் அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

பதில் நெல். 1824-26 போரில் ஆங்கிலேயர் அரக்கானையும் (இன்றைய ராகைன்) தெனாசரிமையும் பிடித்தார்கள், 1852-ல் கீழ்ப்பர்மாவைப் பிடித்தார்கள், 1885-ல் மாண்டலேயைப் பிடித்து மன்னர் தீபோவை ரத்னகிரிக்கு நாடுகடத்தினார்கள். மூன்று போர், மூன்று துண்டு. நடுத்துண்டுதான் பணம் விளைந்த துண்டு. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தை பக்கத்தில் வந்தது. கழிமுகக் காட்டை வெட்டிக் கழனியாக்க மேல்பர்மாவிலிருந்து குடியானவர்கள் இறங்கி வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப்பர்மா நெல் பரப்பு 1930-களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. காடு வெட்டவும், மாடு வாங்கவும், அறுவடை வரை சாப்பிடவும் கடன் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் வயலை நம்பிக் குடியானவனுக்குக் கடன் கொடுக்காது. செட்டியார் கொடுப்பார். அதனால் நெல் போன இடமெல்லாம் லேவாதேவிக் கடை போனது, நெல் இல்லாத மலைக்குப் போக அதற்குத் தேவை அவ்வளவாக இல்லை.

ஆக நம் ஊர் வீடுகளில் இருக்கிற பர்மா ஞாபகம் ஒரு நாட்டின் ஞாபகமே கிடையாது, ஒரு நெல்வயலின் ஞாபகம். மலைகளில் இருக்கிற ஷான், கச்சின், சின் மக்கள் நம் கதைகளில் வருவதே இல்லை. இன்றைக்கு அந்த நாட்டில் நடப்பதைப் புரிந்துகொள்ள அவர்கள் இல்லாமல் முடியாது. பர்மாவை இங்கே நடத்துகிற எவரும் முதலில் இதைப் பிள்ளைகள் கண்ணுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி. காட்டாமல் தொடங்கினால் பாடம் தேக்குமரத் தூணைச் சுற்றியே வந்துகொண்டிருக்கும்.

"விரட்டிவிட்டான்" என்பதைப் பிரித்துப் பார்த்தது

அடுத்து அந்த நாலாவது வரி. எல்லா வீட்டிலும் "விரட்டிவிட்டார்கள்" என்கிற கதை இருக்கிறது, வருஷம் மட்டும் இல்லை. பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்த கதைகளை வருஷம் போடாமல் சுவரில் ஒட்டினோம். பிறகு ஒவ்வொரு கதையிலும் உள்ள தடயத்தை வைத்து அது எந்த வருஷத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நடந்து வந்தார்கள், வழியில் பிள்ளை செத்துப்போனது என்றால் அது 1942. ஜப்பான் விமானங்கள் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு போட்டன, மார்ச்சில் ஊரே விழுந்தது. அரக்கான் மலை தாண்டியும், தமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஹுகாவ்ங் பள்ளத்தாக்கு வழியாகவும் நாலைந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். கப்பல் ஏறும்போது உடம்பில் கிடந்த நகையைக்கூடச் சோதித்து வாங்கிக்கொண்டார்கள் என்றால் அது 1964-ஐ ஒட்டியது. நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்றால் 1948-ன் நில நாட்டுடைமைச் சட்டம் அல்லது 1953-ன் அடுத்த சட்டம்.

இதில் நன்றாகச் சிக்கியது "நோட்டு செல்லாமப் போச்சு" என்கிற கதை. ரெண்டு வீட்டிலிருந்து வந்தது. ஒன்றில் ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு, போர் முடிந்து 1945-ல் வெறும் காகிதமானது. இன்னொன்றில் 1964 மே மாதம் ராணுவத் தளபதி நெ வின் அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. ரெண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டில் நடந்தது ஒரே சம்பவம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷ இடைவெளி, வேறு அரசு, வேறு காரணம்.

பிரித்து அடுக்கியதும் "பர்மாக்காரன்" என்று ஒரே ஆளாக நின்றவர் கலைந்துவிட்டார். 1942-ல் குண்டு போட்டது ஜப்பான், முதல் ஆளாகத் தப்பியோட வழி தேடிக்கொண்டது ஆங்கிலேய நிர்வாகம். 1964-ல் கடைகளை எடுத்துக்கொண்டது 1962 மார்ச் 2 அன்று ஆட்சியைப் பிடித்த ராணுவம். அதே ராணுவம்தான் 1962 ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பர்மிய மாணவர்களைச் சுட்டுவிட்டு மறுநாள் அவர்கள் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தது. நோட்டு செல்லாமல் போனபோது பர்மியக் குடும்பங்களின் சேமிப்பும் சேர்ந்துதான் போனது. இதைச் சொன்னபோது நம்பிக்கை இல்லாமல் பார்த்தவர்கள், அடுத்த வாரம் வந்த விருந்தாளி சொன்னபோது நம்பினார்கள்.

விருந்தாளி பர்மா காலனியிலிருந்து வந்த ஒரு அப்பத்தா. கழிமுகத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர், பர்மிய வழிப் பள்ளியில் படித்தவர், இப்போதும் பர்மிய எழுத்தைச் சரளமாகப் படிப்பார். ஜூலை 19 தியாகிகள் தினத்தன்று பள்ளியில் நடக்கும் நிகழ்ச்சிகளை விவரித்தார். 1947-ல் அதே நாளில்தான் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானும் அவருடைய அமைச்சர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "எங்க பள்ளிக்கூடத்துல அவரு படம் மாட்டியிருக்கும், நாங்களும்தான் அழுவோம்" என்றார். "நீங்க தமிழ்தானே அப்பத்தா, நீங்க ஏன் அழுதீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. அங்கே பிறந்தேன், அங்கே படித்தேன், என்ன கேக்குற என்றார். நாம்-அவர்கள் என்று நான் கரும்பலகையில் எத்தனை கோடு போட்டாலும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

ஒரே வருஷம், அஞ்சு இடம்

பாடத்தின் நடுப்பகுதி முழுக்க 1930. நூற்றாண்டு வாரியாகப் போகாமல் ஒரே வருஷத்தை எடுத்துக்கொண்டு, அஞ்சு இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது. தாராவதிப் பக்கத்துக் குடியானவன், பியாப்போனில் கடை நடத்தும் செட்டியார் ஏஜெண்ட், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தெலுங்குத் தொழிலாளி, ஆங்கிலேயர் படையில் இருக்கும் கரென் சிப்பாய், ஷான் மலையில் சவ்ப்வா எனப்படும் சிற்றரசரின் ஆளுகையில் இருக்கும் குடிமகன்.

முதல் ரெண்டு இடத்துக்கும் கணக்கு நோட்டு எடுத்தோம். நாங்களாக வைத்துக்கொண்ட கணக்கு: 1,000 ரூபாய் கடன், வருஷம் 15 சதவீதம் வட்டி. 100 கூடை நெல் (கூடை சுமார் 21 கிலோ) 150 ரூபாய்க்குப் போனால் வட்டியை 100 கூடையில் கட்டிவிடலாம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. பாதி என்றே வைத்துக்கொண்டாலும் அதே வட்டிக்கு 200 கூடை வேண்டும். முதல் அப்படியே நிற்கிறது. சாப்பாட்டு நெல், விதை நெல், கூலி எல்லாம் போக எங்கே இருக்கிறது 200 கூடை? இதைப் பிள்ளைகளே போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தன் அப்பா வாங்கியிருக்கும் டிராக்டர் கடனை வைத்துப் பக்கத்திலேயே இன்னொரு கணக்குப் போட்டாள், நான் கேட்கவில்லை.

அடுத்து ஏஜெண்ட். மூன்று வருஷத் தவணைக்குப் போனவர். கடைப் பணம் முழுக்க அவருடையது கிடையாது. முதலாளியின் பணம், மற்ற கடைகளிலிருந்து வாங்கிய நடப்புப் பணம், சொந்தபந்தத்தின் டெபாசிட், வங்கியில் எடுத்த கடன். ஊர் திரும்பும்போது பேரேட்டை நேராக்கிக் காட்ட வேண்டும். அவருக்கு வேண்டியது ரொக்கம், வயல் வேண்டாம். ஆனால் கட்ட முடியாதவன் வயலைத்தான் கொடுக்க முடியும். 1930-ல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938-ல் 25 சதவீதம். விரும்பி வாங்கியது எவ்வளவு, வேறு வழியின்றி வந்து சேர்ந்தது எவ்வளவு என்று வகுப்பு ரெண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா என்று மட்டும் கேட்டேன்.

துறைமுகத்தில் அந்த மே மாதம் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் சரக்கு நிறுவனங்கள் பர்மியர்களை வேலைக்கு வைத்தன. பேச்சுவார்த்தை முடிந்து தெலுங்கர்கள் திரும்பியதும் பர்மியர்களை வீட்டுக்கு அனுப்பின. அதில் மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். டிசம்பரில் தாராவதியில் சாயா சான் தலைமையில் குடியானவர் கிளர்ச்சி. அதை அடக்கிய படைகளில் கரென் வீரர்களும் உண்டு. சாயா சான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

பியாப்போன் ஏஜெண்டுக்கும் துறைமுகக் கூலிக்கும் "இந்தியர்" என்ற ஒரே பெயர் விழுந்ததை வகுப்பில் முதலில் கவனித்தது கொத்தனார் வீட்டுப் பையன். அவன் பாட்டனார் ராமநாதபுரம் சீமையிலிருந்து மேஸ்திரி கூட்டிப் போய்க் கூலிக்குப் போனவர். "ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல போயிருப்பாங்க, ஆனா ஒருத்தரு மேல, ஒருத்தரு கீழ" என்றான்.

இங்கேதான் எதிர்ப்பும் வந்தது. ஒரு பெற்றோர் பள்ளிக்கு வந்து, "எங்க வீட்டு ஐயாக்களை வட்டிக்காரங்கன்னு பாடம் நடத்துறீங்களாமே?" என்று கேட்டார். நியாயமான கோபம், ஏனென்றால் சில ஆங்கிலப் புத்தகங்கள் அப்படித்தான் எழுதி வைத்திருக்கின்றன. பிள்ளைகள் போட்ட ரெண்டு கணக்கையும் அவரிடம் காட்டினேன். 1929-30 பர்மா வங்கி விசாரணைக் குழு, கழிமுக விவசாயம் செட்டியார் பணத்தின் மேல்தான் நின்றது என்று ஒப்புக்கொண்டதையும், அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டதையும் சொன்னேன். ஏஜெண்ட் பக்கக் கணக்கை நிதானமாகப் பார்த்தார். குடியானவன் பக்கத்தைப் புரட்டவில்லை. சமாதானம் ஆகித்தான் போனார், முழுக்க என்று சொல்ல மாட்டேன்.

ஷான் குடிமகன் இடத்தை எடுத்த குழு மட்டும் கடைசி வரை தடுமாறியது. 1930-ல் கீழே நடந்த எதுவும் அவனை நேராகத் தொடவில்லை. "சார், எங்களுக்கு எழுத ஒண்ணுமே இல்ல" என்றார்கள். அதையே எழுதச் சொன்னேன்.

மலைகள், 1947, 1823

அந்த வெறுமையை வைத்துத்தான், மலைத்தலைவர்களோடு ஒப்பந்தம் நடந்த ஷான் மலை ஊரான பாங்லாங் பாடத்துக்குள் நுழைந்தோம். ஆங்கிலேயர் சமவெளியை நேரடியாக ஆண்டார்கள், மலைகளைச் சிற்றரசர்கள், தலைவர்கள் வழியாகத் தனியே வைத்திருந்தார்கள். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோதும் மலைப்பகுதிகள் ஆளுநரின் நேர்ப்பொறுப்பில் தனியாகவே நின்றன. ஒரே அரசாங்கத்துக்குள் சேர்ந்து வாழ்ந்து பழகாத இவர்களிடம் ஆங் சான் போய் 1947 பிப்ரவரி 12 அன்று பாங்லாங்கில் கையெழுத்து வாங்கினார். ஷான், கச்சின், சின் தலைவர்கள் போட்டார்கள். கரென் தரப்பு போடவில்லை. அரக்கானியர், மோன் அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை. அஞ்சு மாதத்தில் ஆங் சான் இல்லை. 1947 அரசியலமைப்பு ஷான், கரென்னி (இன்றைய கயா) மாநிலங்களுக்குப் பத்து வருஷம் கழித்துப் பிரிந்து போகும் உரிமையைக் கொடுத்தது. 1949-லேயே கரென் படை ரங்கூன் வாசல் வரை வந்துவிட்டது. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கச் சொன்ன காரணம், நாடு உடைந்துவிடும் என்பது.

ஒப்பந்தக் கூட்டத்தை நாடகமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் தொப்பி மாட்டிக்கொண்டு சினிமா வசனம் பேசுவார்கள், கையெழுத்துப் போடாதவன் ஏன் போடவில்லை என்பது காணாமல் போகும். யார் போட்டார், யார் போடவில்லை, யாரைக் கூப்பிடவே இல்லை என்று மூன்று பத்தி அட்டவணை போட வைத்தேன். சலிப்பான வேலைதான், பயன்பட்டது.

அரக்கான் முஸ்லிம்களான ரோஹிங்யாக்கள் விவகாரத்தை எப்படித் தொடுவது என்று யோசனையாக இருந்தது, ஏனென்றால் வாட்ஸப்பில் வந்த எல்லாமும் வகுப்புக்குள் வந்துவிடும். 1982 குடியுரிமைச் சட்டத்தில் ஆரம்பித்தேன். 1823-க்கு முன்பே அந்த மண்ணில் குடியிருந்த இனங்கள்தான் முழுக் குடிமக்கள். ஏன் 1823 என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். சுவரில் இருந்த காலக்கோட்டில் 1824 என்று முதல் போரைக் குறித்து வைத்திருந்தோம். முஸ்லிம் வீட்டுப் பெண் ஒருத்திதான் எழுந்து, "வெள்ளைக்காரன் வந்ததுக்கு அப்புறம் வந்தவங்க எல்லாம் கணக்குல இல்லைன்னு சொல்றாங்க" என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, "அப்ப எங்க நன்னாவும்தான்" என்றாள். பர்மா காலனிப் பையன் "எங்க அப்பத்தாவும்" என்றான். அரக்கான் 1785 வரை தனி அரசு, அப்புறம் பர்மிய மன்னர் பிடித்தது, 1826-ல் ஆங்கிலேயருக்குப் போனது, சிட்டகாங் பக்கத்திலிருந்து போக்குவரத்து அதற்கு முன்னும் பின்னும் நடந்தது என்ற நீண்ட கதையை அதற்குப் பிறகு சொன்னபோது கவனித்தார்கள். 2017-ல் ரோஹிங்யாக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடியதை அந்தக் காலக்கோட்டின் கடைசியில் அவர்களே எழுதினார்கள்.

ஒட்டாதவை

அதிகாரப்பூர்வமாக 135 இனங்கள் என்ற பட்டியல் யாருக்கும் ஒட்டவில்லை, வேடிக்கையாகிப் போனது. பட்டியலைத் தூக்கிவிட்டு ஏழெட்டுப் பேரை மட்டும் நன்றாக அறிமுகப்படுத்துவது போதும். மோன் மக்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. பர்மியக் குரல் எங்கள் கைக்கு வந்தது ஆங்கிலம் வழியாக மட்டும்தான், அப்பத்தா வந்த அந்த ஒரு நாள் தவிர.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: 1948 ஜனவரி 4 அன்று சுதந்திரம் வந்தபோது யாருக்குக் கொண்டாட்டம், யாருக்குக் கலக்கம், ஏன்? குறைந்தது நாலு பேர் பார்வையில் எழுத வேண்டும், அதில் தமிழர் ஒருவருக்கு மேல் கூடாது. பெரும்பாலானவர்கள் கரென் பக்கத்தை நன்றாக எழுதியிருந்தார்கள். குடியானவனுக்கு நிலம் திரும்பக் கிடைக்கப் போகிறது என்ற சந்தோஷத்தை எழுதியதில் ஒருவன், போன மாதம் ஏஜெண்ட் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தியவன். ஷான் பகுதியில் எல்லாரும் திணறியிருந்தார்கள். அதனால் வரும் வருஷம் ஷான் மலையில்தான் தொடங்கப் போகிறேன், நம்ம ஊர் விலாசங்கள் ரெண்டாவது மாதத்துக்கு அப்புறம் வரட்டும். அப்பத்தா பர்மியப் பத்திரிகை ஒன்றைப் படித்துத் தமிழில் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார், பத்திரிகை பிடிக்கிற வேலை என்னுடையது.